அருகே கடந்து போனதால் உருமாறிய கேலக்ஸிகள்

நம் பஞ்சாங்கங்கள் அஸ்த நட்சத்திரம் என்று குறிக்கும் ஐந்து விண்மீன்களை இன்றைய வானியல் காகம் என்னும் விண்மீன் கூட்டத்தில் வைத்திருக்கிறது. ஏப்ரல், மே மாத இரவுகளில் தெற்கு வானின் உயரத்தில் ஒரு கோணலான சிறு நாற்கரமாக அது கண்ணில் படும். அந்த நாற்கரத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் விண்மீனுக்குச் சற்றுத் தென்மேற்கே, வெறும் கண்ணுக்கு எட்டாத மங்கலில், இரண்டு கேலக்ஸிகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. வில்லியம் ஹெர்ஷல் 1785-ல் கண்ட இந்த இணைக்கு என்ஜிசி 4038, 4039 என்பன பட்டியல் எண்கள். தொலைவு ஏறத்தாழ 7 கோடி ஒளியாண்டு. நெடுநேரம் ஒளியைச் சேர்த்து எடுக்கும் படங்களில், இரண்டின் உடலிலிருந்தும் மெல்லிய, வளைந்த இரு வால்கள் லட்சக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்குப் புறப்பட்டுப் போவது தெரியும். பூச்சியின் உணர்கொம்புகளைப் போல இருப்பதால் இவற்றுக்கு ஆன்டெனா கேலக்ஸிகள் என்று பெயர் வந்தது.

அந்தக் கொம்புகள் எப்படி முளைத்தன என்ற கேள்விக்கு விடை கிடைக்க வானியலாளர்களுக்கு வெகுகாலம் பிடித்தது. விடையோ வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது: நியூட்டனின் ஈர்ப்பு விசையும் நிறைய நேரமும் போதும். வெடிப்பு எதுவும் தேவையில்லை. ஒரு விண்மீன் இன்னொன்றின் மேல் முட்டவும் தேவையில்லை. ஒரு கேலக்ஸியின் இன்றைய வடிவத்தில் அது பிறந்த விதம் எவ்வளவு பதிந்திருக்கிறதோ, அதன் அருகே கடந்து போனவை விட்டுச் சென்ற தடயமும் ஏறத்தாழ அவ்வளவு பதிந்திருக்கிறது என்பதே எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த செய்தி. வடிவத்தைப் படிக்கத் தெரிந்தால், எது எந்தப் பக்கமாக வந்தது, எத்திசையில் சுழன்றது என்பதைக்கூடச் சொல்லிவிடலாம்.

முதலில் இடைவெளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சூரியனை 2 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு கடுகாகச் சுருக்கினால், அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரி ஏறத்தாழ 57 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். கேலக்ஸிகளின் மையப் பகுதியில் நெரிசல் இதைவிட மிக அதிகம் என்றாலும், இரண்டு கேலக்ஸிகள் ஒன்றுக்குள் ஒன்று முழுமையாகப் புகுந்து வெளியேறினாலும் அவற்றின் பல்லாயிரம் கோடி விண்மீன்களில் நேருக்கு நேர் மோதிக்கொள்பவை அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். ஆனால் ஈர்ப்பு விசைக்கு இந்த வெறுமை ஒரு தடையே அல்ல. ஒவ்வொரு விண்மீனும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் ஒவ்வொரு துணுக்கும், வந்து போகும் கேலக்ஸியின் இழுப்பை உணர்கிறது.

வடிவத்தைக் கலைப்பது அந்த இழுப்பின் மொத்த அளவு அன்று. இடத்துக்கு இடம் அது வேறுபடுவதுதான். கேலக்ஸி முழுவதும் ஒரே அளவில் இழுக்கப்பட்டால் அது முழுதாக நகர்ந்துவிடும், உருவம் மாறாது. ஆனால் வருகின்ற கேலக்ஸிக்கு அருகிலுள்ள பக்கம் மையத்தைவிட வலுவாகவும், எதிர்ப்பக்கம் மையத்தைவிட மெதுவாகவும் இழுக்கப்படுகிறது. மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு பக்கங்களும் வெளியே நீள்கின்றன. நிலவின் ஈர்ப்பால் பூமியின் கடல் நிலவை நோக்கிய பக்கத்திலும் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் ஒரே நேரத்தில் உயர்வதற்கும் காரணம் இதுவே. கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஓதம் என்று பெயர், ஆகவே இதை ஓத விசை என்கிறோம். தொலைவு இரு மடங்கானால் ஈர்ப்பு விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஓத விசையோ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே நெருங்கி வரும் அந்தக் குறுகிய காலத்தில்தான் எல்லாமே நடந்தாக வேண்டும். குறுகிய காலம் என்பதும் இங்கே நம் கணக்கில் இல்லை: நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு கேலக்ஸி ஒரு லட்சம் ஒளியாண்டைக் கடக்கப் பத்துக் கோடி ஆண்டுகள் ஆகும்.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கக் கணினி வருவதற்கு முன்பே ஒருவர் துணிந்தார். சுவீடனில் லுண்ட் நகரில் இருந்த எரிக் ஹோம்பெர்க் 1941-ல் வெளியிட்ட ஆய்வை, அறிவியல் வரலாற்றின் மிக அழகான சோதனைகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். ஒரு விளக்கின் ஒளி தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. ஈர்ப்பு விசையும் அதே விதிப்படிதான் குறைகிறது. அப்படியானால் விண்மீன்களுக்குப் பதில் விளக்குகளையே வைத்தால் என்ன? அவர் ஒரு கேலக்ஸிக்கு 37 விளக்குகள் வீதம், இரண்டு கேலக்ஸிகளுக்கு 74 மின்விளக்குகளை ஒரு தளத்தில் வட்ட வட்டமாக அடுக்கினார். விளக்கின் ஒளிர்வு, அது குறிக்கும் நிறைக்கு ஈடாக நின்றது. ஒரு விளக்கின் இடத்தில் ஒளிமின்கலத்தை வைத்து, வெவ்வேறு திசைகளிலிருந்து அங்கே எவ்வளவு ஒளி விழுகிறது என்று அளந்தால், அந்த விண்மீனை மற்ற எல்லா விண்மீன்களும் சேர்ந்து எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கின்றன என்பது கிடைத்துவிடும். அதன்படி அந்த விளக்கின் அடுத்த நிலையைக் கணக்கிட்டு, எல்லா விளக்குகளுக்கும் இதையே செய்து, பிறகு அத்தனையையும் சிறிது நகர்த்தி, மறுபடியும் முதலிலிருந்து அளக்க வேண்டும்.

கைகளால் நகர்த்தப்பட்ட அந்த விளக்குக் கூட்டங்கள் ஒன்றையொன்று கடந்தபோது ஓத விசையால் உருக்குலைந்தன. சுருள் கரங்களை நினைவூட்டும் நீட்சிகள் அவற்றில் தோன்றின. இன்னொன்றையும் அவர் கண்டார். உருக்குலைவதற்கான ஆற்றல் கடந்து செல்லும் இயக்கத்திலிருந்தே எடுக்கப்படுவதால், இரண்டும் வேகத்தை இழந்து ஒன்றிடம் ஒன்று சிக்கிக்கொள்ள வழி உண்டு. இன்று பல கோடித் துகள்களைக் கொண்டு மீத்திறன் கணினிகள் செய்யும் வேலையின் சாரம் முழுவதும் அந்த 74 விளக்குகளில் இருந்தது. நம் பள்ளிப் பாடநூல்களில் எதிரிருமடி விதியைக் கற்பிக்கும் இடத்தில் இந்தச் சோதனைக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், அந்த விதி மாணவர்களின் மனத்தை விட்டு அகலவே அகலாது.

ஆனால் ஹோம்பெர்க்கின் வேலை கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. அதற்கிடையில் சான்றுகள் குவிந்தன. சோவியத் வானியலாளர் வோரன்சோவ்-வெல்யாமினோவ் 1959-ல் ஒன்றையொன்று பாதிக்கும் கேலக்ஸிகளின் படத்தொகுப்பை வெளியிட்டார். ஹால்டன் ஆர்ப், கலிபோர்னியாவில் பாலோமர் மலையில் உள்ள 200 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு, வழக்கமான வகைகளில் அடங்காத 338 விந்தைக் கேலக்ஸிகளின் தொகுப்பை 1966-ல் கொண்டுவந்தார். வால்கள், பாலங்கள், வளையங்கள், முறுக்கிய கரங்கள் என ஏடு முழுக்க விநோதங்கள். ஓதம் என்பது அகலமான, மழுங்கிய வீக்கங்களைத்தானே உண்டாக்கும், இவ்வளவு ஒல்லியான நீண்ட வால்களை அது எப்படி இழுத்திருக்க முடியும் என்ற ஐயம் பலருக்கும் இருந்தது. காந்தப் புலம் காரணமாக இருக்கலாம் என்றார்கள். கேலக்ஸியின் மையம் பொருளை வெளியே உமிழ்கிறது என்றார்கள். ஆர்ப் அந்த உமிழ்வுக் கருத்தின் பக்கமே சாய்ந்தார்.

எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த அலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் 1972-ல் இந்த ஐயத்துக்கு முடிவுகட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி மிகச் சிக்கனமானது. கேலக்ஸியின் நிறை முழுவதும் நடுவில் ஒரு புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி நிறையற்ற துகள்களை வளையங்களாகச் சுழலவிட்டார்கள். இன்னொரு நிறைப்புள்ளி அருகே வந்து கடந்து போகும். துகள்கள் ஒன்றையொன்று இழுப்பதில்லை. இரண்டு நிறைப்புள்ளிகளின் இழுப்பு மட்டுமே அவற்றை நகர்த்துகிறது. இவ்வளவு எளிய கணக்கிலிருந்து ஆன்டெனாவின் இரு கொம்புகளும், எலிகள் என்று அழைக்கப்படும் என்ஜிசி 4676 இணையின் வால்களும், எம்51 என்ற சுருள் கேலக்ஸியின் கரமும் அப்படியே எழுந்து வந்தன.

இந்தக் கணக்கை இன்று எவரும் வீட்டுக் கணினியில் திரும்பச் செய்துவிடலாம். நானும் பைத்தானில் அதை எழுதி ஓடவிட்டிருக்கிறேன். திரையில் அது விரியும் விதத்தைப் பார்ப்பதற்கு இணையாக எந்தப் பாடமும் இல்லை. இரண்டாவது நிறைப்புள்ளி மிக நெருக்கமாக வந்திருக்கும் கணத்தில் பெரிதாக எதுவும் தெரிவதில்லை. வெளி வளையங்கள் சற்றே முட்டை வடிவம் கொள்கின்றன, அவ்வளவுதான். அது கடந்து, விலகிப் போகத் தொடங்கிய பின்னர்தான் கோலம் பிறக்கிறது. அருகுப் பக்கத்துத் துகள்கள் கடந்து சென்றதைத் துரத்திக்கொண்டு ஒரு பாலமாக நீள்கின்றன. அவற்றில் சில அதனிடமே சிக்கி அதைச் சுற்றத் தொடங்குகின்றன. எதிர்ப்பக்கத்துத் துகள்கள் வெளிநோக்கி வீசப்பட்டு, உள்ளே இருப்பவை வேகமாகவும் வெளியே இருப்பவை மெதுவாகவும் செல்வதால் வளைந்து, நீண்டு, மெலிந்து ஒரு வாலாகின்றன. ஓதத்தால் ஒல்லியான வாலை உண்டாக்க முடியாது என்ற ஐயம் எங்கே தவறியது என்பது அப்போது விளங்கும். ஓதம் ஒரு முறை உதைத்துவிட்டுப் போகிறது. மெலிவிப்பது அதற்குப் பின்வரும் கோடிக்கணக்கான ஆண்டுகளின் சுழற்சி.

அதே நிரலில் ஒரே ஒரு குறியை மாற்றி, துகள் வளையங்களாலான தட்டை எதிர்த்திசையில் சுழலவிட்டால், அதே நிறை அதே பாதையில் அதே நெருக்கத்தில் வந்து போனாலும் வளையங்கள் லேசாக அலைபாய்ந்துவிட்டு ஏறத்தாழப் பழையபடியே இருந்துவிடுகின்றன. கடந்து செல்வதும் தட்டும் ஒரே திசையில் சுற்றும்போது, அருகுப் பக்கத்து விண்மீன் தன்னை இழுப்பதோடு சேர்ந்து நெடுநேரம் ஓடுகிறது. இழுப்பு ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகிறது. எதிர்த்திசையில் சுற்றினால் இருவரும் விரைவாக ஒருவரையொருவர் தாண்டிவிடுவதால், ஒரு கணம் இப்பக்கமும் மறு கணம் அப்பக்கமும் இழுபட்டு எல்லாம் கழிந்துபோகிறது. எனவே ஆன்டெனாவில் இரண்டு வால்கள் இருப்பதைக் கண்டவுடனே, அங்கிருந்த இரண்டு தட்டுகளுமே தங்கள் சந்திப்பின் திசையில் சுழன்றவை என்று சொல்லிவிட முடிகிறது. வால்கள் நீளமாக இருப்பதால் இரண்டும் ஏறத்தாழச் சம நிறை கொண்டவை என்பதும் தெரிகிறது. சிறிய கேலக்ஸி ஒன்று கடந்திருந்தால் பாலமும் ஒரு எதிர்க்கரமும்தான் உருவாகியிருக்கும்.

அப்படிப்பட்ட பாலத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு எம்51. சார்ல் மெசியே 1773-ல் கண்ட இந்தக் கேலக்ஸிக்கு அருகே சிறியது ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதை 1781-ல் பியர் மெஷான் கவனித்தார். 1845-ல் அயர்லாந்தில் பிர் கோட்டையில் தாம் கட்டிய 72 அங்குலத் தொலைநோக்கி வழியாக ராஸ் பிரபு இதை வரைந்தபோது, சுருள் வடிவம் கொண்ட ஒரு வான்பொருளை மனிதர் முதன்முதலாகக் கண்டனர். அந்தப் படத்திலேயே ஒரு கரம் சிறிய கேலக்ஸிவரை நீண்டிருக்கிறது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கூர்மையான படத்தைப் பார்த்தால் கூடுதலாக ஒன்று புலப்படும்: பெரிய கேலக்ஸியின் கரத்திலுள்ள தூசிப் பட்டை சிறிய கேலக்ஸியின் ஒளிக்குக் குறுக்கே கருமையாக ஓடுகிறது. அதாவது சிறியது இப்போது கரத்துக்குப் பின்னால், நம்மிடமிருந்து சற்று அதிகத் தொலைவில் நிற்கிறது. கை நீட்டித் தொட்டுக்கொண்டிருப்பதைப் போல் தெரிவது நாம் நின்று பார்க்கும் கோணத்தின் விளைவு. ஆனால் அந்தக் கரம் அவ்வளவு எடுப்பாக இருப்பதற்குச் சிறியது கடந்து போனதே காரணம். அது ஒரு முறைதான் கடந்ததா, இரு முறை கடந்ததா என்ற விவாதம் கணினி மாதிரிகளிடையே இன்னும் தொடர்கிறது.

எல்லாச் சந்திப்பும் பக்கவாட்டில் நிகழ்வதில்லை. மிக அரிதாக, ஒரு கேலக்ஸி இன்னொன்றின் தட்டை நடுவில், ஏறத்தாழச் செங்குத்தாகத் துளைத்துச் செல்லும். துளைக்கும் நேரத்தில் தட்டிலுள்ள விண்மீன்கள் உள்ளே இழுக்கப்பட்டு, அது போனபின் மீண்டு வெளியே வரும்போது அடர்த்தியான வளையம் ஒன்று மையத்திலிருந்து விரிந்து செல்லும். சிற்பி என்னும் தென்வான விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ 50 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் வண்டிச்சக்கரக் கேலக்ஸி அப்படி உருவானது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022-ல் வெளியிட்ட படத்தில் அதன் வெளி வளையம் முழுக்கப் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருப்பதைக் காணலாம்.

புதிய விண்மீன்கள் என்றவுடன் வளிமத்துக்கு வந்தாக வேண்டும். விண்மீன்கள் ஒன்றையொன்று முட்டாமல் போய்விடும். பல ஒளியாண்டு அகலமுள்ள வளிம மேகங்களால் அப்படிப் போக முடியாது. அவை உரசும், மோதும், சூடாகும், அந்த வெப்பத்தை ஒளியாக இழக்கும். கூடவே இன்னொரு நுட்பமும் நடக்கிறது. சந்திப்புக்குப் பின் தட்டின் உட்பகுதியில் விண்மீன்கள் ஒரு நீண்ட பட்டையாகத் திரள்கின்றன. வளிமமும் பட்டையாகத் திரள்கிறது, ஆனால் மோதல்களால் அது விண்மீன் பட்டைக்குச் சற்று முந்திக்கொண்டு ஓடுகிறது. பின்னாலுள்ள விண்மீன் பட்டை அதை ஓயாமல் பின்னோக்கி இழுத்து, அதன் கோண உந்தத்தைப் பறித்துவிடுகிறது. சுற்றிவரும் உந்தத்தை இழந்த வளிமம் மையத்தை நோக்கி விழுவதைத் தவிர வேறு வழியில்லை. ஜோஷுவா பார்ன்ஸ், லார்ஸ் ஹெர்ன்குவிஸ்ட் ஆகியோர் 1990களில் கணினியில் இதைக் காட்டினார்கள். மையத்தில் குவிந்த வளிமம் அடர்ந்து விண்மீன்களாகப் பொரிகிறது. தூசி அதை மூடிவிடுவதால் கண்ணால் காணும் ஒளியில் பெரும்பகுதி மறைந்து, அகச்சிவப்பாக வெளிவருகிறது. 1983-ல் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள் வானத்தை அகச்சிவப்பில் ஆராய்ந்தபோது, ஒரு லட்சம் கோடி சூரியன்களையும் மிஞ்சும் ஒளிர்வுள்ள கேலக்ஸிகள் வெளிப்பட்டன. ஆர்ப்பின் தொகுப்பில் 220-வதாக இருப்பது அவற்றில் ஒன்று. நம் அருகிலுள்ள அத்தகைய கேலக்ஸிகள் கிட்டத்தட்ட எல்லாமே இணைந்துகொண்டிருப்பவை. ஆன்டெனாவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் விண்மீன் கொத்துகளை ஹப்பிள் எண்ணிக் காட்டியிருக்கிறது.

சில நேரம் சந்திப்பின் தடயம் வளிமத்தில் மட்டுமே எஞ்சியிருக்கும். சப்தரிஷி மண்டலத்தின் திசையில் சுமார் 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் எம்81, எம்82, என்ஜிசி 3077 என்று மூன்று அண்டைக் கேலக்ஸிகள் உள்ளன. சாதாரணப் படத்தில் அவை தனித்தனியாக, ஒன்றுக்கும் ஒன்றுக்கும் தொடர்பே இல்லாதவை போல இருக்கும். 1994-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலுள்ள விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கிகளைக் கொண்டு ஹைட்ரஜன் வளிமத்தின் 21 சென்டிமீட்டர் அலையில் அதே இடத்தைப் படமெடுத்தபோது, மூன்றையும் இணைக்கும் நீண்ட வளிமப் பாலங்கள் துலங்கின. எம்82-இன் நடுவில் விண்மீன்கள் வெறிகொண்டு பிறப்பதற்கும், அதன் இருபுறமும் வளிமம் பீறிட்டு வெளியேறுவதற்கும் காரணம் எம்81-ஐ அது நெருங்கிக் கடந்ததே. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கேலக்ஸி தனித்திருப்பதாகத் தோன்றுவதை அதன் பிறகு நம்பத் தோன்றாது.

கடந்து போவது ஒன்று, திரும்பி வந்து இணைவது வேறொன்று. உராய்வே இல்லாத வெறுமையில் இரண்டு கேலக்ஸிகள் வேகத்தை இழந்து ஒன்றாவது எப்படி? ஹோம்பெர்க் விளக்குகளில் கண்ட ஆற்றல் இழப்புக்குக் கணித வடிவம் தந்தவர்களில் தலையாயவர், தமிழ்க் குடும்பத்தில் லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய காலத்தில், 1943-ல், இயக்க உராய்வு என்ற கருத்தை அவர் வகுத்தளித்தார். அவருடைய அப்போதைய அக்கறை விண்மீன் கொத்துகளைப் பற்றியது. ஆனால் அதன் பெரும் பயன் கேலக்ஸிகளில் விளைந்தது. கனமான ஒரு பொருள் எண்ணற்ற சிறிய பொருள்களின் நடுவே செல்லும்போது, அவை அதன் ஈர்ப்பால் வளைந்து அதன் பாதையில் குவிகின்றன. அவை குவிந்து முடிப்பதற்குள் அது முன்னே நகர்ந்துவிடுகிறது. ஆகவே குவியல் எப்போதும் அதற்குப் பின்னால்தான் உருவாகிறது. அந்தக் குவியலின் ஈர்ப்பு அதைப் பின்னோக்கி இழுக்கிறது. தொடுகையே இல்லாமல் ஒரு தடை உருவாகிவிட்டது.

சந்திரசேகரின் சமன்பாட்டில் இரண்டு முடிவுகள் எனக்கு மிகவும் பொருள் பொதிந்தவையாகப் படுகின்றன. பொருள் கனக்கக் கனக்க அது விரைவில் தடைபடும். வேகம் கூடக் கூடத் தடை குறையும். மிக வேகமாகக் கடப்பதன் பின்னால் குவியல் சேர நேரம் கிடைப்பதில்லை. ஆயிரக்கணக்கான கேலக்ஸிகள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் திரியும் பெருங்கொத்துகளில், அவை அடிக்கடி ஒன்றையொன்று உலுக்கிவிட்டுப் போனாலும் எளிதில் இணைவதில்லை என்பதும், சில கேலக்ஸிகள் மட்டுமே மெதுவாக உலவும் சிறு குழுக்களில் இணைப்பு எளிதாக நடப்பதும் இதனால்தான். தடையைத் தருவதில் பெரும்பங்கு, கேலக்ஸியின் ஒளிரும் பகுதிக்கு வெகு அப்பாலும் பரவியிருக்கும் கரும்பொருளுக்கு உரியது.

இணைந்தபின் என்ன மிஞ்சும் என்பதற்கு அலார் டூம்ரே 1977-ல் ஒரு துணிச்சலான விடை தந்தார். பதினொரு இணைகளை, இப்போதுதான் நெருங்கியவை முதல் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டவை வரை வரிசைப்படுத்தி, இதன் முடிவில் கிடைப்பது நீள்வட்டக் கேலக்ஸியே என்றார். ஒழுங்காகச் சுழன்ற இரண்டு தட்டுகள் இணையும்போது ஈர்ப்புப் புலமே கணத்துக்குக் கணம் மாறுவதால், விண்மீன்களின் பாதைகள் எல்லாத் திசைகளிலும் சிதறி, தட்டு அழிந்து, ஒரு திரண்ட உருவம் எஞ்சுகிறது. வரிசையின் கடைசியில் நிற்கும் என்ஜிசி 7252-ஐ பிரான்சுவா ஷ்வைட்சர் நுணுகி ஆராய்ந்தார். 1982-ல் அவர் காட்டிய படி, அதன் உடலின் ஒளி மையத்திலிருந்து வெளியே குறையும் விதம் நீள்வட்டக் கேலக்ஸிகளுக்கே உரியது. ஆனாலும் இரண்டு வால்கள் இன்னும் வெளியே தொங்குகின்றன. உள்ளே ஒன்றாகிவிட்டது, வெளியே இரண்டாக இருந்ததன் சான்று நிற்கிறது. எல்லா நீள்வட்டக் கேலக்ஸிகளும் இவ்வாறு ஒரே பெரிய இணைப்பில் பிறந்தவை என்று இன்று யாரும் சொல்வதில்லை. சிறியவற்றைத் தொடர்ந்து விழுங்கி வளர்ந்தவையும் ஏராளம். வளிமம் மிகுந்த இணைப்பில் புதிய தட்டு மீண்டும் அமைவதும் உண்டு.

இயக்க உராய்வு கேலக்ஸிகளை மட்டுமன்றி அவற்றின் மையத்திலுள்ள பெருங்கருந்துளைகளையும் அருகருகே கொண்டுவந்து சேர்க்கிறது. என்ஜிசி 6240 என்ற குலைந்த கேலக்ஸியின் நடுவில், பொருளை விழுங்கிக்கொண்டிருக்கும் இரண்டு கருந்துளைகள் இருப்பதை 2002-ல் கண்டுபிடித்துச் சொன்னது, சந்திரசேகரின் பெயரையே தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி. அத்தகைய இணைகள் இறுதியில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மிக நீண்ட ஈர்ப்பலைகளை வெளியிடும். அப்படிப்பட்ட அலைகளின் பின்னணி முழக்கத்துக்கான சான்றுகளை 2023 ஜூனில் பல நாட்டுக் குழுக்கள் ஒரே நேரத்தில் வெளியிட்டன. புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியைப் பயன்படுத்தும் இந்தியக் குழு, ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து அதில் பங்காற்றியது.

இனி நம் சொந்த வீடு. பால்வெளி அமைதியான ஒரு சுருள் கேலக்ஸி என்ற எண்ணத்தை, ஐரோப்பாவின் கையா விண்கலம் 2018-ல் வெளியிட்ட அளவீடுகள் அடியோடு மாற்றிவிட்டன. சூரியனுக்கு அருகிலுள்ள விண்மீன்கள் தட்டுக்கு மேலும் கீழும் அசையும் உயரத்தையும் வேகத்தையும் வரைபடமாக்கியபோது, அதில் ஒரு சுருள் தெரிந்தது. சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒன்று தட்டை உலுக்கியதன் மிச்சம் அது. 1994-ல் கண்டறியப்பட்ட தனுசுக் குறுங்கேலக்ஸி நம் தட்டைக் கடந்ததே காரணமாக இருக்கலாம் என்பது முதன்மையான கருத்து. 2018-லேயே, ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வெளியோடு இணைந்த ஒரு பெரிய கேலக்ஸியின் விண்மீன்களும் கையாவின் அளவீடுகளில் அடையாளம் காணப்பட்டன.

இன்று நம்மை மிகுதியாக மாற்றிக்கொண்டிருப்பது பெரிய மெகல்லன் மேகம். கன்னியாகுமரியிலிருந்து ஜனவரி மாத இரவில், நிலவற்ற தெளிந்த வானில், நேர் தெற்கே தொடுவானத்துக்குச் சுமார் 12 பாகை மேலே ஒரு மங்கலான வெண்திட்டாக அதைக் காண வாய்ப்பு உண்டு. தொலைவு சுமார் 1,60,000 ஒளியாண்டு. ஹப்பிள் அளந்த அதன் வேகத்தைக் கொண்டு பார்க்கும்போது, அது நம்மை முதல் முறையாகவே நெருங்குகிறது என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். கரும்பொருளையும் சேர்த்தால் அதன் நிறை பால்வெளியின் நிறையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாது. ஆகவே அது நம்மால் இழுக்கப்படுவது மட்டுமன்றி, நம் கேலக்ஸியின் உட்பகுதியையே தன் பக்கம் அசைத்துவிட்டது. 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பால்வெளியின் புறப்பகுதியில் 2 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள விண்மீன்களை வானம் முழுவதும் வரைபடமாக்கியபோது, மெகல்லன் மேகம் கடந்து வந்த பாதையின் பின்புறத்தில், மீனம் விண்மீன் கூட்டத்தின் திசையில், விண்மீன்கள் கூடுதலாகக் குவிந்திருந்தன. சந்திரசேகர் 1943-ல் தாளில் எழுதிய பின்குவியல், நம் கேலக்ஸியிலேயே கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. இந்தச் செய்திக்குத் தமிழ் ஊடகங்களில் இன்னும் அதிக இடம் கிடைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் குவியலின் இழுப்பால் வேகம் குறைந்து, சுமார் 200 கோடி ஆண்டுகளில் மேகம் பால்வெளியோடு இணையும் என்று கணிக்கப்படுகிறது.

நம் அண்டையிலுள்ள பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலிருந்து நொடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்கும் அது, சுமார் 400 கோடி ஆண்டுகளில் நம்மோடு மோதுவது உறுதி என்று 2012-ல் ஹப்பிள் அளவீடுகளின் அடிப்படையில் அறிவிக்கப்பட்டது. 2025-ல் வெளிவந்த புதிய கணக்கீடு அந்த உறுதியைத் தளர்த்திவிட்டது. அளவீடுகளின் பிழை வரம்புகளையும் மற்ற கேலக்ஸிகளின் இழுப்பையும் சேர்த்தால், அடுத்த ஆயிரம் கோடி ஆண்டுகளுக்குள் இணைவதற்கும் இணையாமல் போவதற்கும் ஏறத்தாழச் சம வாய்ப்பே இருக்கிறது. அருகிலுள்ள எம்33 என்ற சிறிய கேலக்ஸியின் இழுப்பு இணைப்பின் வாய்ப்பைக் கூட்டுகிறது. மெகல்லன் மேகத்தின் இழுப்பு குறைக்கிறது. மிக நெருங்கிக் கடந்தால் இயக்க உராய்வு இரண்டையும் பிடித்துத் திருப்பிவிடும். சில லட்சம் ஒளியாண்டு விலகிக் கடந்தால் பிடி நழுவும். ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வரும் வேகம் துல்லியமாகத் தெரியும். பக்கவாட்டில் அது நகரும் சிறிய வேகத்தையும், இரண்டு கேலக்ஸிகளின் மொத்த நிறையையும் இன்னும் துல்லியமாக அளப்பதைப் பொறுத்தே இந்த வாய்ப்பு ஒரு பக்கம் சாயும். கையாவின் அடுத்தடுத்த தரவு வெளியீடுகளை இந்தத் துறையினர் ஆவலோடு எதிர்பார்ப்பது அதற்காகவும்தான்.